நான் நெஞ்சில் குத்திக்கொள்ளவில்லை

மதிப்பும் அன்பும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் மாடியில் குடியிருக்கும் டெய்லரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நான் ஸ்க்ரூடிரைவரால் நெஞ்சில் குத்திக்கொள்ளப் போனதாக உங்கள் காதுக்கு வந்த செய்தி சுத்தப் பொய். போனில் நீங்கள் விட்ட டோஸுக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் மூச்சு விட்டால்தானே நான் வாயைத் திறப்பது?

கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. வாய்வு என்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பட்டறையில் ஒரு தண்ணீர் மோட்டார் வந்திருந்தது. நம் தொழில் பழக்கம் தெரியுமே, ஸ்க்ரூடிரைவர் முனையை ஓடுகிற மோட்டார்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தால் பேரிங் போயிருக்கிறதா என்று உள்ளேயிருந்து சத்தம் சொல்லிவிடும். ஊரார் மோட்டாரை எல்லாம் கேட்கிறோமே, நம்முடையதைக் கேட்டால் என்ன? சட்டையைக் கழற்றி, முழ நீள ஸ்க்ரூடிரைவரை நெஞ்சில் ஊன்றி, கழுத்தைக் கோணிக் காதைக் கொடுத்தேன். மச்சான், ஆடிப்போயிட்டேன்! ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவா, அப்புறம் ரெண்டு மூணு முட்டி மோதிக்கிட்டு. இன்னும் நல்லாக் கேட்கலாமேன்னு கண்ணை மூடிக்கிட்டு அழுத்தினேன் பாருங்க, அந்த நேரம் பார்த்து டீயோடு உங்க தங்கச்சி உள்ள வந்துட்டா.

“ஐயோ, என்ன காரியம் பண்றீங்க! நான் என்ன குறை வெச்சேன்!”

அந்த அலறலுக்குத் தெருவே கூடிவிட்டது. டெய்லர் பாய்ந்து வந்து என் கையை முறுக்கிக்கொண்டு, “அண்ணே, அவசரப்படாதீங்க, உங்க பேன்ட்டை நாளைக்கே தெச்சுக் குடுத்துடறேன்” என்று அழுகிறார்.

இருவருமாக என்னை வண்டியில் அள்ளிப் போட்டு, மனசுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லி டாக்டரம்மாவிடம் தள்ளினார்கள். என் மனக்கஷ்டத்தை விசாரித்துக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்த அம்மா சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். ஈசிஜி எடுத்தார்.

“இதயத்தோட மேல் அறைகள் ஒழுங்கா சுருங்காம நடுங்கிக்கிட்டு இருக்குங்க. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு பேரு. ரத்தம் அங்கயே தேங்கி உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம் வரும். பல பேருக்கு அறிகுறியே இருக்காது.”

பிறகு நெஞ்சில் பசை தடவி ஸ்கேன் காட்டினார்கள். திரையில் என் இதயம்! வால்வு ரெண்டு குட்டிக் கதவு மாதிரி திறக்குது, மூடுது, திறக்குது. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சது. ஒரு நாள் நிறுத்தி ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருப்பேனா? மேல் அறை நடுங்கி நடுங்கிச் சொதப்பியும் கீழ் அறை விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆயுசு முழுக்க மோட்டார் பிரித்துப் போட்டவன், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. படுத்தபடியே இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டேன். ஸ்கேன் எடுத்த பெண், “கையை ஆட்டாதீங்க” என்று அதட்டினாள்.

இப்போது துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று. ஒரு வேளைகூடத் தவறுவதில்லை. அன்றிலிருந்து எதிரில் வருகிறவர் கையையெல்லாம் பிடித்துப் பார்க்கிறேன். தபால்காரர் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினால் கையோடு பிடித்துக்கொள்கிறேன். டெய்லர் என்னைக் கண்டதும் பாக்கெட்டில் கையை விட்டுக்கொள்கிறார். பிடிபடாத இன்னொரு ஆள் உங்கள் தங்கை. “எனக்கு வேலை கிடக்கு” என்று ஓடிவிடுவாள்.

நீங்களும் படபடப்பு என்றால் கேஸ் டிரபிள் என்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். தாறுமாறாக ஓடினால் டாக்டரிடம் போங்கள், வீறாப்பு வேண்டாம். என்னைப் பார்க்க அலைந்து வர வேண்டாம், இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
நல்ல புத்தியோடு இருக்கும் உங்கள் மச்சான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விடுங்கள். உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். “எங்க அண்ணனுக்கு இது புரியாது, எங்க பிடிக்கணும்னு தெளிவா எழுதுங்க” என்று விளையாட்டாகக் கையை நீட்டினாள். பிடித்தேன். மறு கையையும் பிடித்தேன். அப்படியே என்னுடையதைப் போலத்தான் ஓடுகிறது. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, படபடப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. வண்டி வாசலில் நிற்கிறது. “துணியைக் காயப் போட்டுட்டு வர்றேன்” என்கிறாள். வாளியைப் பிடுங்கி வைத்துவிட்டேன். எனக்குப் பயமாயிருக்கு மச்சான், உடனே புறப்பட்டு வாங்க.