குவிரினேட்டர் ஒட்டுமா?

பெஞ்சில் ஊற்றப்போகிற பீர் ஒட்டாது என்று தெரிந்துவிட்டதால், யாரும் வருவதற்குள் கொஞ்சம் பார்லி மால்ட் பாகைத் தடவி வைத்துவிடலாம் என்று காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் முழங்காலிட்டிருந்தார் பீர் காய்ச்சுகிற குவிரின். அறுபத்தொரு வயதில் செய்கிற வேலையா இது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கை நிற்கவில்லை.

உண்டர்மூஸ் ஊரில் தவக்காலத்துக் கறுப்பு பீருக்கு நாக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மூன்று நடுவர்கள் நிறம் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், ருசிப்பார்கள். பிறகு பெஞ்சில் பீரை ஊற்றி, தோல் கால்சட்டையோடு அதன்மேல் அரை மணி நேரம் உட்காருவார்கள். பேண்டு வாத்தியம் ஓய்ந்ததும் மூவரும் சேர்ந்து எழ வேண்டும். கூடவே பெஞ்சும் ஒரு சாணாவது எழுந்தால் அது நல்ல பீர். எழாவிட்டால், அடுத்த தவக்காலத்துக்குப் பீர் காய்ச்சும் உரிமை பக்கத்து ஊரில் பீர் காய்ச்சுகிற வாஸ்டலுக்குப் போய்விடும். குவிரினுடைய பெஞ்சு இருபத்திரண்டு வருஷமாகத் தவறாமல் எழுந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் காய்ச்சுகிற அன்று கொப்பரைக்குப் பக்கத்திலேயே மனிதர் தூங்கிப்போனார். விழித்தபோது இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொதித்து, பாதி சுண்டியிருந்தது. இதை அவர் மனைவி புர்கியிடம்கூடச் சொல்லவில்லை. நேற்றுப் பீப்பாயிலிருந்து ஒரு குவளை பிடித்துப் பார்த்தார். அவருடைய குவிரினேட்டர் பீர் வெளிச்சத்தில் எப்போதும் தேநீர் நிறமாகத் தெரியும். இது கருஞ்சிவப்பாக இருந்தது. முகர்ந்தால் ரொட்டியின் முறுகிய ஓரம், காய்ச்சிய சர்க்கரை, உலர்ந்த பிளம்ஸ். வாயில் விட்டால், விழுங்கிய பிறகும் போகாமல் நாக்கின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

"இது என் பீரே இல்ல" என்று நொந்துபோனார். நல்ல பீர்தான் ஒட்டும் என்பது ஊர் நம்பிக்கை. இது எங்கே ஒட்டப்போகிறது?

"யோவ், குளிக்காம அங்க என்னய்யா பண்றே?" என்று உள்ளேயிருந்து புர்கி கத்தினாள்.

"இதோ வந்துட்டேன்!"

சட்டை மாற்றிக்கொண்டு அவர் திரும்பியபோது பெஞ்சு பளபளவென்று இருந்தது. புர்கி வாளியும் துணியுமாக நின்றாள்.

"எவனோ பெஞ்சு பூரா எதையோ கொட்டி வெச்சிருக்கான். சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டேன். இனிமே ஈ உக்காந்தாக்கூட வழுக்கும்!"

அவள் அந்தப் பக்கம் போனதும் குவிரின் சமையலறைக்கு ஓடி, தேன் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, மொத்தத்தையும் பெஞ்சில் கவிழ்த்தார். காலிப் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் பாதிரியாருடைய குட்டைக்கால் நாய் பெஞ்சின்மேல் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நக்கி முடித்திருந்தது.

"உங்க பெஞ்சு மேல அதுக்கு என்ன பாசம் பாத்தீங்களா!" என்றார் பாதிரியார்.

"ஆமா ஃபாதர்" என்றார் குவிரின். பொய் சொல்லிப் பழக்கமில்லாத காது இரண்டும் சிவந்துவிட்டன.

மணி பத்தே முக்கால். ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் பாட்டில் அறைக்குள் புகுந்து, லேபிள் ஒட்டுகிற பசையில் மூன்று கரண்டி எடுத்துவந்தார். பெஞ்சைத் துடைப்பதுபோல் பாவனை செய்து தடவினார். மூன்று போதுமா என்று சந்தேகம் வந்தது. இன்னும் மூன்று தடவினார்.

பதினொன்றுக்கு நடுவர்கள் வந்தார்கள். மேயர் லியோன்ஹார்ட், கசாப்புக்கடை பிளாசியஸ், தச்சர் கோர்பினியன். தச்சர் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

மேயர் குவளையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "ம்" என்றார். முகர்ந்தார். "ம்ம்."

பிளாசியஸ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ரொட்டி ஓரம்... பிளம்ஸ்... நெஞ்சுல சூடு இறங்குது தலைவரே."

"இன்னொரு வாய் குடு" என்று மேயர் குவளையை நீட்டினார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இரண்டாவது வாய் கேட்டதே இல்லை. இவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று நம்ப முடியாமல்தான் மறுபடி குடித்துப் பார்க்கிறார் என்று குவிரினுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். தச்சரோ ஒன்றும் சொல்லாமல் குவளையைக் காலி செய்து கவிழ்த்து வைத்தார்.

பெஞ்சில் பீர் ஊற்றப்பட்டது. மூவரும் உட்கார்ந்தார்கள். வாத்தியம் முழங்கியது. அரை மணி நேரமும் குவிரின் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்கப்பா!" என்று கூட்டம் கத்தியது.

மூவரும் எழுந்தார்கள். பெஞ்சும் எழுந்தது. ஒரு சாணல்ல, முழுசாகவே எழுந்தது. கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. வழக்கமாக இந்தக் கட்டத்தில் பெஞ்சு தொப்பென்று கீழே விழும். இன்று விழவில்லை.

"உலுக்குங்கய்யா" என்றார் மேயர் பல்லைக் கடித்துக்கொண்டு.

உலுக்கினார்கள். பெஞ்சும் சேர்ந்து குலுங்கியது. மேயர் பேசுவதற்கு மேடைக்குப் போயாக வேண்டும். மூவரும் பெஞ்சோடு பக்கவாட்டில் நடந்தார்கள். திரும்பியபோது பெஞ்சின் முனை பேண்டு மாஸ்டரின் தொப்பியைத் தட்டிவிட்டது. தீயணைப்புப் படையைச் சேர்ந்த நாலு பேர் ஆளையும் பெஞ்சையும் எதிரெதிரே பிடித்து இழுத்தார்கள். படாரென்று சத்தம் கேட்டது. மேயரின் அப்பா காலத்துக் கால்சட்டையில் தையல் விட்டிருந்தது. கடைசியில், மூன்று பெரிய மனிதர்களும் கால்சட்டைகளைப் பெஞ்சுக்கே தாரைவார்த்துவிட்டு, நீளமான வெள்ளை உள்ளாடையோடு ஊர் முன்னால் நின்றார்கள்.

கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. "இப்படி ஒரு பீரு இதுவரைக்கும் ஒட்டினதே இல்லடா!" பத்திரிகைக்காரர் கால்சட்டை தொங்கிய பெஞ்சைப் படம்பிடித்தார். புர்கி மூக்கைச் சிந்திக்கொண்டு, "என் புருஷன் காய்ச்சினது!" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாஸ்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "குவிரின் அண்ணே, நான் தோத்துட்டேன். அடுத்த வருஷம் உங்ககிட்ட வந்து கத்துக்கட்டுமா?"

குவிரினுக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாயிருக்கும்போல் இருந்தது. வாஸ்டலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று போர்வைகளை எடுத்துக்கொண்டு, நடுவர்கள் ஒளிந்திருந்த மால்ட் கிடங்குக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"தலைவரே, என்னை நாலு அறை அறைங்க."

"எதுக்குய்யா?"

"அது பீரு ஒட்டினது இல்ல. லேபிள் பசை. ஆறு கரண்டி. நான்தான் தடவினேன்." போர்வைகளை ஆளுக்கொன்றாக நீட்டினார். "காய்ச்சற அன்னிக்குத் தூங்கிட்டேன். பீரு கெட்டுப்போச்சு. இருபத்திரண்டு வருஷமா நேர்மையா ஒட்டின பேரை இன்னிக்கு ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டேன். வெளிய போயி ஊர்க்காரங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

மேயர் பிளாசியஸைப் பார்த்தார். பிளாசியஸ் தச்சரைப் பார்த்தார். தச்சர் கோர்பினியன் போர்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அடப்பாவி, இருபத்திரண்டு வருஷமா உன் தண்ணிப் பீரைக் குடிச்சிட்டு, உன்னை அவமானப்படுத்த மனசு வராம, கழிப்பறைக்குப் போயி கால்சட்டையில பசையைத் தடவிக்கிட்டு வந்து உக்காந்ததே நாங்கதான், இந்த வருஷம்தான்டா, பீரை நம்பி, தடவாம உக்காந்தோம்!"