போர்ச்சுகல் போன உர்போ

"லீவு வேணாம்னு சொல்றியா? அப்படி ஒரு வழியே இல்லையேப்பா," என்றாள் ரைய்யா.

கதவுத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்ப்பவள் அவள். எதிரே தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றவர் உர்போ, கீல் பொருத்தும் பிரிவு. வருகிற வியாழக்கிழமை அவருக்கு ஐம்பது முடிகிறது. ஐம்பதாவது பிறந்தநாள் வேலை நாளில் வந்தால் சம்பளத்தோடு விடுமுறை. தொழிற்சங்கம் எப்போதோ வாதாடி வாங்கிய சலுகை.

பின்லாந்தில் சலுகைக்குக் குறைவில்லை. பிள்ளை பிறந்தால் அரசாங்கம் பெட்டி நிறையத் துணிமணி அனுப்புகிறது. தொழிற்சாலை தன் பங்குக்கு மதிய உணவு, பல் வைத்தியம், நீச்சல்குளச் சீட்டு என்று கொடுக்கிறது. உர்போவுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் சீட்டை விட்டதில்லை. குளத்தை ஒட்டியுள்ள சவுனாவில் நீராவிக் குளியல் போட்டுவிட்டு வருவார். இந்தப் பிறந்தநாள் சலுகை ஒன்றுதான் தொண்டையில் சிக்கியது.

ஐம்பது என்றால் ஊர் விடாது. காபிக்கு வீட்டுக்கு வருவார்கள், பூங்கொத்து நீட்டுவார்கள், ஒருவர் எழுந்து பேசுவார். பிறகு எல்லோரும் திரும்பி உர்போவின் வாயைப் பார்ப்பார்கள்.

நாலு பேர் முன்னால் அவருக்கு நாக்கு எழும்பாது. அவருக்கும் சேர்த்துப் பேசியவள் மனைவி ஹில்க்கா. கல்யாணத்தின்போது பாதிரியார் சம்மதம் கேட்டதற்கே, "சரின்னுதான் சொல்றார்" என்று அவள்தான் பதில் சொன்னாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. போன இலையுதிர் காலத்தில் ஹில்க்கா இறந்துபோனாள். அதற்குப் பிறகு உர்போ பேசியதெல்லாம் கடையில் "பால்" என்பதும், பஸ்ஸில் ஊர்ப் பெயரும்தான்.

"நான் வேலைக்கே வந்துடறேன்," என்றார்.

"தாராளமா வா. கேன்டீன்ல கேக் வெட்டுவோம். முதலாளி பேசுவார். அப்புறம் நீ பேசணும்."

"அப்ப லீவு போட்டுடறேன்."

"போடு. வீட்டுக்கு எத்தனை மணிக்கு வரலாம்?"

சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, கரண்டியோடு இருந்த கேன்டீன்காரி ஐரா கேட்டாள்: "உர்போ, கேக்ல பாதாம் வைக்கவா, பெர்ரி வைக்கவா?"

உர்போ சூப்பை அங்கேயே வைத்துவிட்டு நேராக உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தார். பிறந்தநாளுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்று, கூட்டம் பிடிக்காதவர்கள் அங்கே காலங்காலமாகக் கொடுக்கிற விளம்பரம்தான். மறுநாள் பேப்பரில் வந்தது: 'உர்போ, ஐம்பது வயது. அன்று வெளியூர்.'

அதுவரை விஷயம் தொழிற்சாலைக்கு மட்டும்தான் தெரியும். இப்போது ஊருக்கே தெரிந்தது. சர்ச்சில் பாடுகிறவர்கள் ரொட்டிக் கடையில் மடக்கிக் கை குலுக்கினார்கள். தபால்காரர் தெருவின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்: "அம்பதா! பார்த்தா அறுபது மாதிரில்ல இருக்க!"

சாயங்காலம் பக்கத்து வீட்டு தாய்ஸ்தோ பேப்பரும் கையுமாகச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தான்.

"எங்கய்யா போற?"

உர்போவுக்குப் பொய் வராது. சுவரைப் பார்த்தார். டயர் கடை கொடுத்த காலண்டரில் கடலும் வெள்ளை வீடுகளும் இருந்தன. கீழே நாட்டின் பெயர்.

"போர்ச்சுகல்."

"அடேங்கப்பா! போர்ச்சுகல்ல எங்க?"

அதற்குக் கீழே எழுத்து பொடி. கண்ணாடி வேறு அறையில் இருந்தது. "கடல் பக்கம்."

"அந்த நாட்ல பாதிப் பேரு கடல் பக்கந்தான்யா இருக்கான். சரி, சாவியைக் குடு. செடிக்குத் தண்ணி ஊத்தறேன், வாசல்ல பனி அள்ளறேன். காலைல ஏர்போர்ட் பஸ்ஸுக்கும் நானே கொண்டு விடறேன். ஹில்க்கா இருந்தா செஞ்சிருப்பால்ல?"

அவள் பெயரைச் சொன்ன பிறகு எப்படி மறுப்பது? சாவி கைமாறியது. ஒளிந்துகொள்ள இருந்த ஒரே வீடும் போயிற்று.

போகாத ஊருக்குப் பெட்டியில் என்ன வைப்பது? காலிப் பெட்டியைத் தாய்ஸ்தோ தூக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். உர்போ பெட்டி நிறைய பிர்ச் மர விறகை அடுக்கினார்.

"என்னய்யா இந்தக் கனம் கனக்குது?" என்றான் தாய்ஸ்தோ வியாழக்கிழமை காலையில்.

"செருப்பு."

"உனக்கு எத்தனை காலு?"

பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போவான் என்று பார்த்தால், தாய்ஸ்தோ கையாட்டுவதற்காக நின்றுவிட்டான். வேறு வழியில்லாமல் உர்போ ஹெல்சிங்கி பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, ஜன்னல் வழியாகக் கையாட்டினார். ஏரியைச் சுற்றிக்கொண்டு பஸ் அக்கரைக்கு வந்ததும் இறங்கிவிட்டார்.

ஏரி உறைந்து கிடந்தது. நேரே எதிரில் அவருடைய வீடு. பெட்டியை இழுத்துக்கொண்டு பனிக்கட்டி மேல் நடந்தார். நடு ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ போர்ச்சுகல் போறதாத்தானே ஊர்ல பேச்சு?"

"ஆமா."

"வழி இதுதானா?"

உர்போ நடையை எட்டிப் போட்டார்.

வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் தாய்ஸ்தோ பூவாளியோடு தெரிந்தான். மிச்சம் இருந்தது கரையோரத்தில் வீட்டுக்கென்று தனியாக இருந்த சவுனாக் குடில் மட்டும். ஹில்க்கா போனதிலிருந்து உர்போ அதற்குள் கால் வைத்ததில்லை. குனிந்து உள்ளே போய், தாழ்ப்பாளுக்காகக் கதவைத் தடவினார்.

தாழ்ப்பாளைக் காணோம். திருகாணி இருந்த துளைகள்தான் இருந்தன. கதவுத் தொழிற்சாலைக்காரன் வீட்டில் தாழ்ப்பாள் இல்லாத கதவு!

பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மேல்பலகையில் உட்கார்ந்தார். உடம்பு நடுங்கியது. பெட்டி நிறைய விறகு, அடுப்பு எதிரே, மாடத்தில் தீப்பெட்டி. ஆனால் மூட்டினால் புகை போகும். புகை போனால் ஊர் வரும். ஆணியில் ஹில்க்காவின் துண்டு அப்படியே தொங்கியது. அவள் இருந்தால் இந்நேரம் வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, "அவருக்கு ரொம்பச் சந்தோஷம்" என்று ஒரே வரியில் முடித்திருப்பாள். உர்போ துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே பனி நெறிபடும் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, பலர். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே சவுனாவை நோக்கி வந்தார்கள். கதவு பெட்டியைத் தள்ளிக்கொண்டு திறந்தது. பெட்டி சாய்ந்து விறகு முழுவதும் உருண்டது.

முதலில் தாய்ஸ்தோ தலையை நீட்டினான். "போர்ச்சுகல் எப்படிய்யா இருக்கு?"

"குளிருது."

"செருப்பையெல்லாம் அடுப்புல போடு, சரியாயிடும்."

அவன் பின்னால் பூங்கொத்தோடு ரைய்யா, கீல் பிரிவு ஆட்கள் மொத்தமும், கையில் தூக்கோடு ஐரா. பின்லாந்தில் வியாழக்கிழமை என்றாலே பட்டாணி சூப்தான்.

"நான் பேச மாட்டேன்," என்றார் உர்போ.

"யாரு கேட்டா? சூப்பைக் குடி," என்றாள் ஐரா.

யாரோ அடுப்பை மூட்டினார்கள். எல்லோரும் கோட்டோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். யாரும் உரையாற்றவில்லை. சூப் உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. இரண்டாவது கிண்ணம் காலியானதும் உர்போவே வாயைத் திறந்தார்.

"நான் இங்கதான் இருப்பேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

ஐரா கோட்டுப் பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஹில்க்காதான் கழட்டி என்கிட்ட குடுத்தா, 'நாப்பதுக்கும் இங்கதான் ஒளிஞ்சாரு, அம்பதுக்கு எந்த ஊர் போறேன்னு சொன்னாலும் இங்கதான் இருப்பாரு, அவரைத் தனியா மட்டும் விட்டுடாதீங்க'ன்னு."