ஓடாத மீட்டர்

வாயில் மீன் முள்ளோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? முருகையன் உட்கார்ந்திருக்கிறார். அக்காள் மங்களாம்பிகை வைத்த கெண்டைக் குழம்பு, இலை நிறையச் சோறு, அப்போதுதான் முதல் துண்டைப் பிய்த்து வாயில் போட்டிருக்கிறார். டக்கென்று ஒரு சத்தம், விளக்கைக் காணோம். கரண்ட் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். போனது கரண்ட் இல்லை, அக்காள் புருஷன் தியாகேசன். சாப்பிட்டு முடித்து எழுந்து போனவர், போகிற போக்கில் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். இவர் ஒருத்தர் இன்னும் இலையில் உட்கார்ந்திருப்பது அவர் கணக்கில் வரவில்லை.

"வாய் எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாதா மாப்ளே?" என்று வாசலில் இருந்து குரல் வந்தது.

கைக்குத் தெரிந்தது. முள் எங்கே இருக்கிறது என்று தொண்டைக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. சோற்றை உருட்டி உருட்டி முழுங்கி, அக்காள் உரித்துக் கொடுத்த வாழைப்பழங்களை முழுசு முழுசாக உள்ளே தள்ளி, ஒரு வழியாக முள்ளை இறக்கிவிட்டார். வருஷம் எவ்வளவோ ஓடிவிட்டது. கோபத்தை இறக்கத்தான் இன்னும் பழம் கிடைக்கவில்லை.

தியாகேசன் ஏதோ தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஒரு இனம். சுவிட்சுக்காரர் இனம். தெருவுக்கு ஒருவராவது இருப்பார்; சில தெருக்களில் இரண்டு பேர் இருந்து, யார் வீடு அதிக இருட்டு என்று போட்டியே நடக்கும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நாம் மனிதரைப் பார்ப்போம், வயிறு காலியாக இருந்தால் அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டுவோம். சுவிட்சுக்காரர் உத்தரத்தைப் பார்ப்பார். ஆள் இல்லாத இடத்தில் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்து, சுற்றினால் அணைத்து, அது நிற்கிற வரைக்கும் கீழே நின்று காற்று வாங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா" என்பார். அணைத்த பிறகு சுற்றுகிற காற்று அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மீட்டரில் ஏறாத காற்று.

நல்லது கெட்டது என்று வித்தியாசம் பார்ப்பாரா? மாட்டார். நீடாமங்கலத்தில் ஒரு துக்க வீடு. பெரிய மனிதர், நல்ல கூட்டம், பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தியாகேசன் மாலையோடு போனார், போட்டார், கும்பிட்டார். போட்டுவிட்டு நகர வேண்டாமா? ஐஸ் பெட்டியின் மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். செத்தவரிடம் ஏதோ ரகசியம் பேசுகிறார், பாவம் அவ்வளவு பாசம் என்று சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிமிர்ந்தவர் மூத்த மகனைத் தனியே கூப்பிட்டு, "பழைய கம்ப்ரசர் தம்பி, கரண்டைக் குடிக்கிது. வர வேண்டியவங்க வந்துட்டாங்கன்னா சீக்கிரம் எடுத்துடுங்க" என்றார். கூடப் போயிருந்த முருகையன் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிட்டார்.

சரி, அவர் சொல்வதில் தப்பு ஏதாவது இருக்கிறதா? இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போடு என்றார். ஊரே போட்டது, பில் இறங்கியது. துணி நிறையச் சேர்ந்த பிறகு வாஷிங் மெஷினைப் போடு என்றார், நியாயம். டிவியை ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, பிளக்கைப் பிடுங்கு என்றார், பிடுங்கினோம். இதோடு நிறுத்திக்கொள்கிற மனிதராக இருந்தால் கோயிலில் பரிவட்டமே கட்டலாம். நிறுத்தினாரா? எல்இடி கொஞ்சமாகத்தான் கரண்ட் எடுக்கும் என்பதால், பழைய குண்டு பல்பு ஒன்றை அணைத்த திருப்தி வர எல்இடி நாலைந்தை அணைக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டார். வீட்டில் மாட்டியிருப்பதே அவ்வளவுதான். ராத்திரி ஆனால் ஃபிரிட்ஜுக்கும் ஓய்வு வேண்டும் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுப்பார். இட்லி மாவு உள்ளேயே பொங்கி, கதவை முட்டித் திறந்துகொண்டு, காலையில் மங்களாம்பிகையை வாசல் வரைக்கும் வந்து கூப்பிடும். இஸ்திரிப் பெட்டியைப் பாதியிலேயே அணைத்துவிட்டு மிச்சச் சூட்டில் தேய்ப்பார். அதனால் அவர் சட்டையில் வலது பக்கம் கல்யாண மாப்பிள்ளை, இடது பக்கம் களத்து மேட்டு ஆள்.

தியாகேசன் ஊர் நிலத்துக்காக வெட்டிக்கொண்ட ஊர். குத்தகைக்கும் கூலிக்கும் வரப்புக்கும் மண்டை உடைந்து, கோர்ட்டுக்கு நடந்து நடந்தே கிழடானவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அந்த ஊரில் ஒரு மனிதர் ஒன்பது வாட் பல்புக்குத் தெருச்சண்டை போட்டால் மரியாதையாகவா இருக்கும்?

ஏசி வாங்கிய கதைக்கு வருவோம். வெயில் தாங்கவில்லை என்று மங்களாம்பிகை பல கோடைகளாக அழுததில் தியாகேசன் இளகினார். தஞ்சாவூரில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியிருக்கிற நட்சத்திரச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைக்காரப் பையன்கள் இவர் வருவதைப் பார்த்ததும் சாப்பிடப் போக ஆரம்பித்தார்கள். கடைசியில் இருப்பதிலேயே நல்லதாக, ஐந்து நட்சத்திர ஏசி ஒன்றை வாங்கிவந்து அறையில் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ரிமோட்டைச் சாமி அலமாரியில் வைத்தார்.

வைத்தது வைத்ததுதான்.

"போடலியா அத்தான்?" என்று கேட்டார் முருகையன்.

"யோசிச்சுப் பாரு மாப்ளே. ஓடுறப்பவே இவ்வளவு மிச்சம் பிடிக்கிற மெஷினு, ஓடாம இருந்தா எவ்வளவு மிச்சம் பிடிக்கும்?"

மங்களாம்பிகை ஏசிக்குக் கீழே பாயைப் போட்டு, பனை விசிறியால் விசிறிக்கொண்டு படுத்தாள்.

இவ்வளவு சிக்கனமான மனிதரின் கொல்லையில்தான் பம்புசெட்டு மோட்டார் இருக்கிறது. வயலுக்கான கரண்ட் இலவசம், மீட்டரும் கிடையாது. அதனால் மோட்டாருக்கு ஆட்டோ மாட்டிவிட்டிருந்தார். கரண்ட் வந்தால் தானாக ஓடும். வெயிலில் ஓடும். மழையில் ஓடும். வயல் ரொம்பி, வாய்க்கால் வழிந்து, தெருவில் வாத்து நீந்தினாலும் ஓடும். மழையில் குடை பிடித்துக்கொண்டு முருகையன் இதைச் சுட்டிக் காட்டியபோது, தியாகேசன் வீட்டு விளக்கை அணைத்துக்கொண்டே சொன்னார்: "அது வேற கரண்ட் மாப்ளே."

அந்த வேற கரண்ட்தான் ஆளை மாட்டிவிட்டது.

ஒரு வருஷம் ஜூன் மாதம், மேட்டூரில் தண்ணீர் இல்லை, ஆறு மணலாகக் கிடந்தது. மோட்டாரை நம்பித்தான் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். தியாகேசன் நாற்றங்காலும், பக்கத்திலேயே இருந்த முருகையன் நாற்றங்காலும் அந்த ஒரே குழாயில்தான் குடித்தன. முருகையனுக்குச் சொந்தமாக மோட்டார் இல்லை. அத்தான் என்ன செய்தாலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு அக்காள் பாதிக் காரணம், தண்ணீர் மீதிக் காரணம்.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஜீப் வந்தது. வழக்கமாக மீட்டர் கணக்கெடுக்க வருகிற மின்வாரிய ஊழியர் கலந்தர், இந்தத் தடவை பெரிய அதிகாரி ஒருவரோடு இறங்கினார். அதிகாரி மீட்டரைப் பார்த்தார், ஓடினதாகவே தெரியவில்லை. உள்ளே போனார். ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி, கிரைண்டர், அரசாங்கம் கொடுத்த ஃபேன், அதற்கும் மேலே ரிமோட்டில் ஓடுகிற புது ஃபேன். கொல்லைக்குப் போனார். மீட்டர் இல்லாத மோட்டார் ஓஓ என்று ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தார். இந்தப் பக்கத்தில் இது தெரிந்த வித்தைதான்: இலவச லைனில் இருந்து கள்ளத்தனமாக ஒரு ஒயரை இழுத்து வீட்டை ஓட்டுவது.

"ஒயர எங்க புதைச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

தியாகேசன் தான் எதையுமே போடுவதில்லை என்றார். அதிகாரி சிரித்தார். இத்தனையும் வாங்கியவன் போடாமல் இருப்பானா, திருட்டு நிரூபணமானால் மோட்டார் லைனையும் இன்றைக்கே பிடுங்கிவிட்டுத்தான் போவேன் என்றார். வாசலில் நின்ற முருகையனுக்கு நாற்றங்கால் கண்ணில் வந்து நின்றது. நாற்று இப்போதுதான் விரல் உயரம். தண்ணீர் நின்றால் ஒரு வெயிலுக்குத் தாங்காது.

"போடமாட்டாருங்க சார்," என்று முன்னால் வந்தார்.

"நீங்க யாரு?"

"பொண்ணு குடுத்த வீடுங்க."

அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி வந்தது. மீன் முள்ளில் ஆரம்பித்தார். ஐஸ் பெட்டி, பொங்கிய மாவு, ஒரு பக்கச் சட்டை, இருட்டில் பாத்ரூமில் வழுக்கிய அக்காளின் மாமியார், டார்ச் அடித்துப் பிரித்துப் பார்த்த தலைதீபாவளிப் புடவை என்று இத்தனை வருஷம் வயிற்றில் வைத்திருந்ததையெல்லாம் அரசாங்கத்தின் முன்னால் கொட்டினார். கலந்தர் தலையைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். தியாகேசனுக்கு வருத்தமா? ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார், பாராட்டுவிழாவில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. ஒரு இடத்தில், "ஃபிரிட்ஜ் விஷயத்த விட்டுட்டியே, பகல்லயும்கூட கொஞ்ச நேரம் புடுங்குவேன்" என்று எடுத்தும் கொடுத்தார்.

சொந்தக்காரன் சாட்சி செல்லாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கிற அத்தனையையும் ஒரே நேரத்தில் போட வேண்டும். மீட்டர் ஓடினால் தியாகேசன் யோக்கியர், ஓடாவிட்டால் லைன் போச்சு.

"எல்லாத்தையுமா?" என்றார் தியாகேசன்.

எழுந்தார், சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போய் நின்றார். கை போனது, நின்றது. அணைத்து அணைத்தே பழகிய விரலுக்கு மறுபக்கம் தள்ள வரவில்லை. மங்களாம்பிகை வந்து அவரை மெல்ல ஒதுக்கினாள். இத்தனை வருஷத்துச் சுவிட்சையும் ஒரே வீச்சில் தட்டினாள். கிரைண்டர் வெறுமனே சுற்றியது, மிக்சி அலறியது, துணி இல்லாத வாஷிங் மெஷின் குதித்துக் குதித்து அடுப்படிக்கு நடந்து போனது, பட்டப்பகலில் நெல் பத்தாயம் வைத்திருக்கிற மூலையில்கூட விளக்கு எரிந்தது. சாமி அலமாரியில் இருந்து ரிமோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அறைக்குள் போய் ஏசியைப் போட்டாள். குங்குமம் லேசாகப் பறந்தது.

மீட்டரில் சிவப்பு விளக்கு ஒரு தடவை கண்ணடித்தது. அப்புறம் மூச்சு விடாமல் கண்ணடித்தது.

"ஓடுது, ஓடுதுங்க, எழுதிக்கங்க, அணைச்சிடலாம்" என்று தியாகேசன் வாசலுக்கும் அறைக்குமாக ஓடினார். அதிகாரியைக் காணோம். காலையில் இருந்து வெயிலில் சுற்றிய மனிதர், ஏசி அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும். சரியாப் பாக்கணும்ல" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. கலந்தர் கீழே சம்மணமே போட்டுவிட்டார்.

தியாகேசன் முருகையன் கையைப் பிடித்தார்.

"மாப்ளே, நான் திருடுனேன்னே எழுதிக்கச் சொல்லிடு. இத அணைச்சாப் போதும்."

"நாத்து?"

"வயிறு எரியுதுடா."

"நாத்து எரியக் கூடாது அத்தான்," என்று சொல்லி, சுவிட்சை நோக்கி நகர்ந்த அவர் கையை அப்படியே இறுக்கிக்கொண்டார் முருகையன். அதிகாரியின் உடம்பு குளிர்ந்து, மீட்டர் சரி என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜீப் தெருமுனை திரும்புகிற வரைக்கும் விடவில்லை. வாழ்நாளில் அவ்வளவு ஆசையாக அவர் யார் கையையும் பிடித்ததில்லை.

கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாற்று பிழைத்தது. தியாகேசன் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். ஏசி அறைக் கதவு மட்டும் உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினார். "அஞ்சு ஸ்டாருங்க, மெதுவாத்தான் குடிக்கும்" என்று உள்ளே இருந்து மங்களாம்பிகை சொன்னாள். பிறகு குறட்டைதான் வந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஜீப் போகிற வரைக்கும் மிக்சி வெறுமனே ஓடியதே என்று நடுவில் உங்களுக்கும் ஒரு பதைப்பு வந்ததா, இல்லையா? இதைப் படிக்கிற நேரத்தில் பக்கத்து அறையில் ஏதோ எரிகிறதே என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் உங்கள் மச்சினனைக் கொஞ்சம் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது உங்களைப் பற்றி அவர் சாட்சி சொல்ல வேண்டி வரலாம்.

முருகையன் வீட்டுக்குக் கிளம்பினார். தெருவில் பாதி தூரம் போனவரைத் தியாகேசன் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து பிடித்தார்.

"மாப்ளே, எப்படியும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஒத்த ஆளுக்கு அவ்வளவு குளிரும் வீணாப் போவுது. நீ போய் ஒம் பொண்டாட்டி அம்சத்தக் கூட்டிட்டு வா. வர்ற வழியில எவனாவது சும்மா நின்னா அவனையும் இழுத்துட்டு வா. ஒங்கக்காவ நீ எழுப்பு, நீ கூப்பிட்டா தொறப்பா. தொறந்ததும் எல்லாரும் ஒண்ணா உள்ள நுழைஞ்சிடுங்க, கதவ ரெண்டாவது தடவ தொறக்க வேணாம்."