போர்வைக்குள் இல்லாத அப்பா

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நாற்பது ஆசிரியர்கள், இருபத்தெட்டு வகுப்புகள், ஒரே ஒரு விளையாட்டு மைதானம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, யாரும் யாரோடும் முட்டிக்கொள்ளாமல் ஒரு பள்ளிக்கூடத்துக்கே டைம்டேபிள் போடுகிறவன் நான். அப்படிப்பட்டவனால் சொந்த வீட்டு ஆட்கள் மூன்று பேரைத் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. பாதி வழியில் அவர்கள் போய்விட்டார்கள். நான்தான் போகவில்லை.

பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது டூர் என்பது சுலபமான காரியம். ‘ஏறு’ என்றால் ஏறும். ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தால் இறங்கும். வளர்ந்த பிள்ளைகளோ கலந்து பேசவேண்டும் என்கிறார்கள். மகன் ஜெரின் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், கையில் புது லைசென்ஸ். மகள் ஷைனி பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். லீவுக்கு எங்கே போகலாம் என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஷைனி வாக்கெடுப்பு நடத்தினாள். கொடைக்கானலுக்கு மூன்று ஓட்டு. நான் குழுவின் அட்மின் என்பதால் ராமேஸ்வரம் வென்றது.

“இதுக்கு எதுக்குப்பா ஓட்டு?” என்றாள் ஷைனி.

“செலவு கம்மியா, எல்லாருக்கும் சந்தோஷமா போயிட்டு வாரதுக்குப் பேர்தான் டூர்” என்றேன். (எல்லாருக்கும் என்றால் எனக்கு.)

செலவு குறைய என்னென்ன உண்டோ எல்லாம் செய்தேன். மச்சானின் பழைய வேனை இரவல் வாங்கினேன். தங்குவதற்கு எங்கள் சபைக்குத் தெரிந்த விடுதியில் அறை. சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே புளிச்சோறு, துணைக்கு உருளைக்கிழங்கு. மூன்று நாள் பயணத்துக்கும் நான்கு பக்கத்தில் டைம்டேபிள் அடித்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். அதில் ‘6.40 முதல் 6.50 வரை: கடலைப் பார்த்தல்’ என்றுகூட இருந்தது. என் மனைவி கிரேஸ் அதை வாங்கி மடித்து, புளிச்சோற்றுத் தூக்குவாளி ஆடாமல் இருக்க அடியில் கொடுத்துவிட்டாள்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ஜெரின் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு முன்னால் நானே பிரேக் போட்டுக்கொண்டு வந்தேன். தருவைகுளம் தாண்டுவதற்குள், “கியர மாத்துலே”, “லாரிக்குப் பின்னாடி ஒட்டாதே”, “ஹாரன் எதுக்கு இருக்கு?” என்று ஒரு நாற்பது அறிவுரை சொல்லியிருப்பேன். ஜெரின் வாயைத் திறக்கவில்லை. அவன் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து ஷைனி, “கீழக்கரையில ஒரு கடையில பரோட்டா சூப்பரா இருக்குமாம்ப்பா. மத்தியானம் அங்க சாப்பிடலாமா?” என்றாள்.

“புளிச்சோறு இருக்கு.”

“அது ராத்திரிக்கு இருக்கட்டும்ப்பா.”

“டைம்டேபிள்ல பரோட்டா இருக்கா?”

“ஏம்ப்பா, இது டூரா, பரீட்சையா?”

“பரீட்சை ஹால்லகூட தண்ணி குடிக்க விடுவாங்கல்லா” என்றான் ஜெரின். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கிரேஸ் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வர அது போதுமானதாக இருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். மச்சான் வேனில் மூன்றாவது வரிசை ஒன்று உண்டு. அதில் பாய், தலையணை, போர்வை, பைகள் எல்லாம் அடைந்து கிடந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதில் ஏறி, “நான் பின்னாடி படுத்துக்கிடுதேன். இனி என்னை யாரும் கூப்பிடக் கூடாது. எங்க வேணா போங்க, என்னத்தையும் தின்னுங்க” என்று அறிவித்துவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். ஏப்ரல் மாத வெயில். உள்ளே வெந்து போனேன். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

வேம்பாரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். சமாதானம் பேச யாராவது வருவார்கள் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். வரவில்லை. மூன்று பேரும் சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள். சரி, நமக்கு மட்டும் கால் இல்லையா என்று போர்வையைத் தலையணைமேல் அப்படியே தள்ளிவிட்டு, மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு கருப்பட்டிக் கடைக்குப் போனேன். காய்ச்சுகிற இடத்திலேயே வாங்கினால் மலிவு என்று தோன்றியது. கடைக்கார அண்ணாச்சியிடம் பேரம் பேசிப் பேசி, சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் கொடுத்து, பனையோலைப் பெட்டி நிறையக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு வெற்றியோடு திரும்பினேன்.

வேன் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

பர்ஸ் கிரேஸின் கைப்பையில். போன் வேனில், டிரைவர் முன்னால் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்தது கருப்பட்டி மட்டும். திரும்பவும் அண்ணாச்சியிடமே ஓடினேன். அவர் தாராளமாகத் தன் போனைக் கொடுத்தார். அப்போதுதான் அடுத்த இடி. மனைவி நம்பர் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் நம்பரும் தெரியாது. இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவனுடைய நம்பர்தான். அதற்கே அடித்தேன்.

ஷைனி எடுத்தாள். “ஹலோ, யாருங்க?”

“நான்தாம்மா, அப்பா பேசுதேன்.”

“ராங் நம்பருங்க. அப்பா இங்க தூங்குதாங்க.” வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தேன். சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி ஜெரின் ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருப்பான் போல. “ஏளா, நான் வேம்பார்ல நிக்கேன். வண்டியத் திருப்பச் சொல்லு!” என்று கத்தினேன்.

“அம்மா, குரல்கூட அப்பா மாதிரியே இருக்கும்மா” என்றாள் ஷைனி.

“அதான் இப்ப புது மோசடி” என்றது ஜெரினின் குரல். “தெரியாத நம்பர்ல இருந்து யாரு குரல்ல பேசினாலும் நம்பாதேன்னு அப்பாவே ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தாங்கல்லா?” (எடுத்தேன். போர்டு இல்லாத குறை ஒன்றுதான்.)

“எதுக்கும் அப்பாவ எழுப்பிக் கேக்கட்டுமா?”

அதற்குக் கிரேஸ் சொன்ன பதில் தெளிவாக, ஒரு எழுத்துகூட விடாமல் எனக்குக் கேட்டது.

“ஏளா, எழுப்பாத. இப்ப அரை மணி நேரமாத்தான் வண்டியில நிம்மதியா இருக்கு.”

லைன் அறுந்தது. அடுத்த முறை அடித்தபோது மணியே போகவில்லை. என் போனிலேயே என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். “சார், வீட்ல ரொம்பப் பேசுவீகளோ?”

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மண்பானையிலிருந்து தண்ணீர் மோந்து கொடுத்தார் அண்ணாச்சி. அங்கே உட்கார்ந்து ராமநாதபுரம் போகிற பஸ்களை எண்ணினேன். பஸ்ஸில் ஏறக் கையில் காசில்லை. முதல் ஒரு மணி நேரம், அவர்கள் வந்ததும் என்னென்ன சொல்லவேண்டும் என்று வரிசையாக மனதுக்குள் எழுதினேன். இரண்டாவது மணி நேரத்தில் அந்த ‘நிம்மதி’ என்ற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. மூன்று பேர் ஒரு வண்டியில் நிம்மதியாக இருப்பதற்கு நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் இல்லாமல் இருப்பது.

இரண்டு மணி வாக்கில் வேன் வந்தது. அரசுப் பேருந்துகூட அவ்வளவு வேகமாக வந்து கிரீச்சென்று நின்று நான் பார்த்ததில்லை. முதலில் குதித்து இறங்கியது கிரேஸ்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் தோளைப் பிடித்து உலுக்கி, “சொல்லிட்டு இறங்கக் கூடாதா? ஒரு வார்த்த சொல்லிட்டு இறங்கினா என்ன?” என்றாள். வரிசையாக எழுதி வைத்திருந்ததில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

“எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷைனிதான் சொன்னாள். “கீழக்கரையில பரோட்டா சாப்பிட்டோம்ப்பா. உங்களுக்குப் பார்சல் வாங்கினோம். சூடா இருக்கும்போதே குடுத்துரலாம்னு போர்வையைத் தூக்குனா, தலகாணி.”

ஜெரின் பார்சலை நீட்டினான். கருப்பட்டிக் கடை ஸ்டூலில் உட்கார்ந்தே அதைப் பிரித்துச் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. சால்னா இலையைத் தாண்டிக் காகிதம் முழுக்க ஊறியிருந்தது. அவ்வளவு ருசியான பரோட்டாவை அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. ஷைனியிடம் அதைச் சொல்லவில்லை. (அடுத்த டூருக்கும் பரோட்டா கேட்பாள்.)

அதன்பின் ராமேஸ்வரம் வரை நான் முன் சீட்டில்தான் உட்கார்ந்தேன். கியரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சாயல்குடி தாண்டியதும் ஜெரினே, “என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்று கவலையோடு கேட்டான். அவன் கேட்டதற்காக, லாரிக்குப் பின்னால் ஒட்டாதே என்று ஒரே ஒரு தடவை சொன்னேன்.

அந்தப் பயணத்தில் எடுத்த படங்களில் மிக அழகான ஒன்றை ஷைனி பெரிதாக அச்செடுத்து, சட்டம் போட்டு, எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறாள். கீழக்கரைக் கடை வாசலில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததாம். மூன்று பேரும் தோளில் கைபோட்டு, கண் மறைகிற அளவுக்குச் சிரிக்கிறார்கள். கிரேஸ் அப்படிச் சிரித்து வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறார்கள். “படம் அருமையா இருக்கே. நீங்க எடுத்ததா சார்?”

“ஆமா, நான்தான்” என்கிறேன். அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்கிறது. கிரேஸுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.