இத்ரூஸின் படிப்புக்கு ஏழு மரம்

இந்த வருஷமும் ஏழு சாதிக்காய் மரங்களும் பூத்துக் கொட்டின. காய்க்கத்தான் இல்லை.

புடவைக்கடை ஸெய்னுலாப்தீன் குனிந்து ஒரு கை நிறையப் பூவை அள்ளினார். மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள். வாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாசத்தைக் கட்டிக் கொடுத்து மகனைக் கண்டியில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாதே.

"றம்லா! இங்க வந்து பாரு!"

"எனத்துக்கு விடியக்காலையில மய்யத்து விழுந்த வீடு மாதிரிச் சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி வந்தாள்.

"எல்லாப் பூவும் கொட்டிட்டு. ஒரு பிஞ்சு இல்ல. ஜனவரியில இத்ரூஸைக் கொண்டுபோய் விட வேணும். எதை வெச்சு விடுறது?"

"அந்த மூணும் காய்ச்சுக் கிடக்கே" என்று றம்லா வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதை யாரு கேட்டா?" என்றார் ஸெய்னுலாப்தீன் எரிச்சலோடு.

ஸெய்னுலாப்தீன் மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு ஸலாம் சொன்னவர். துணியைத் தொட்டுப் பார்த்தே எந்த ஊர் மில் என்று சொல்லிவிடுவார். ஆனால் கொழும்பிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடதாசி வந்தால் ஓர் எழுத்தும் விளங்காது. முன்பெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு தபால் கந்தோருக்கு ஓடுவார். இப்போது மூத்த மகள், இத்ரூஸின் ராத்தா ஸுலைஹா வாசித்துச் சொல்கிறாள், பதிலும் எழுதுகிறாள். இருந்தாலும் அந்த அவமானம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. தன் மகன் படிக்க வேண்டும், பெரிய படிப்புப் படிக்க வேண்டும் என்று ஏங்கினார். மகன் என்றால் மகன்தான். மகளைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு யோசனை வந்ததே இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன், இத்ரூஸ் நாலு வயதுப் பையனாக இருந்தபோதே, அவனுடைய படிப்புக்கு எதில் சேமிப்பது என்று ஊரெல்லாம் விசாரித்தார். தபால் கந்தோரில் போடலாம் என்றார்கள். "வட்டி வருமே" என்று பள்ளிவாசல் லெப்பை அப்துல் ஸமத் முகத்தைச் சுளித்தார். மாத்தளையிலிருந்து இன்சூரன்ஸ்காரர் ஒருவர் வந்தார். "நாளைக்கே நீங்க மவுத்தாகிட்டீங்கன்னு வைங்க..." என்று அவர் ஆரம்பித்ததும், றம்லா அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். சீட்டுக் கட்டலாம் என்று பார்த்தால், சீட்டுப் பிடித்தவர் ஒருநாள் ஊரையே விட்டுவிட்டார்.

கடைசியில் மாத்தளைக் கடைத்தெருவில் யாரோ சொன்னார்கள்: "சாதிக்காய் வைங்க முதலாளி. எட்டு வருஷத்துல காய்க்கும். பேரப்பிள்ளை காலம் வரைக்கும் காய்க்கும்."

வட்டி இல்லை, மவுத்துப் பேச்சு இல்லை, ராத்திரியோடு ராத்திரியாக ஓடியும் போகாது. ஸெய்னுலாப்தீன் மனம் நிறைந்து பத்துக் கன்று வாங்கினார். அதில் உயரமாக, தண்டு தடித்து, பயில்வான் போல நின்ற ஏழையும் பொறுக்கி எடுத்து, நல்ல வெயில் விழும் இடத்தில் இத்ரூஸுக்கு என்று நட்டார். மிஞ்சிய மூன்றும் நோஞ்சான்கள். அவற்றை உடுப்புத் துவைக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் ஊன்றி, "இது ஸுலைஹாவுக்கு" என்றார்.

றம்லாவின் கண் கலங்கிவிட்டது. "அவளும் உங்க புள்ளதானே?"

"சரி, அழாத. அல்லாஹ் மேல ஆணையா இந்த மூணும் அவட ஹக்கு, அவட சொந்தம். இதுல ஒரு காயக்கூட நான் தொட மாட்டேன். போதுமா?"

கன்று நடும்போது ஓத வந்திருந்த லெப்பையும் கேட்டுக்கொண்டு நின்றார். நோஞ்சான் கன்று மேல் ஆணையிடுவது லேசு. பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அதோடு விட்டாரா? ஊர்க் கண் படக்கூடாது என்று தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கிடுகு வேலி அடைத்தார். அவர்கள் ஊரான இரத்தோட்டையில் சாதிக்காயைப் பற்றி நாலும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கண்ணிலும் படாமல் எட்டு வருஷம் மரம் வளர்த்த சாமர்த்தியம் அவருடையது.

இப்போது அந்த நோஞ்சான் மூன்றும் காய்த்துக் குலுங்கின. பயில்வான்கள் ஏழும் பூத்தன, கொட்டின, சும்மா நின்றன.

"கண்ணூறுதான்" என்று முடிவு கட்டினார் ஸெய்னுலாப்தீன். மரத்துக்கு ஒன்றாகப் பழைய செருப்புக் கட்டித் தொங்கவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்குச் சேலை வாங்க வந்தவர்கள்தான், "முதலாளி, செருப்பு வியாபாரமும் தொடங்கிட்டீங்களா?" என்று விசாரித்தார்கள்.

"அப்ப உரம் போதாது" என்றார். சந்தையிலிருந்து இரண்டு மூட்டை கருவாட்டுக் கழிவு வாங்கி வந்து மரத்தடியில் புதைத்தார். அன்று பின்னேரமே இரத்தோட்டை நாய்கள் அத்தனையும் வந்து சேர்ந்தன. நாய்களை விரட்டி ஓயுமுன், மலைக் காட்டிலிருந்து பன்றிக் கூட்டம் இறங்கிவிட்டது. வேலியைப் பிய்த்து, மரத்தடியைக் கிண்டி, முற்றம் வரைக்கும் வந்து, றம்லா காயப்போட்டிருந்த தொழுகைப் பாயை மிதித்துவிட்டுப் போயின.

கிணறு வெட்டப் போனால் பூதம் புறப்படும் என்பார்கள். ஸெய்னுலாப்தீனுக்குப் பன்றி புறப்பட்டது. பக்கத்துத் தோட்டங்களில் மரவள்ளியும் போய்விட்டது என்று ஊரார் மாத்தளைக்கு முறைப்பாடு அனுப்பினார்கள்.

மறுநாள் லெப்பையைக் கூப்பிட்டனுப்பினார். லெப்பை வந்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. றோட்டிலேயே நின்றார்.

"உள்ளுக்கு வாங்க லெப்பை."

"மொதல்ல பன்றி மிதிச்ச முற்றத்தை ஏழு தரம் கழுவுங்க. பொறகு வாறேன். எனத்துக்குக் கூப்பிட்டீங்க?"

ஸெய்னுலாப்தீன் குரலைத் தாழ்த்தினார். "அந்த வாய்க்கால் மரம் மூணையும் மகன் பேருக்கு மாத்திட்டு, இந்த ஏழையும் மகளுக்குக் குடுத்தா எப்படி? மூணுக்குப் பதிலா ஏழு. அவளுக்கு லாபம்தானே?"

"காய்க்கிற மூணை எடுத்துட்டுக் காய்க்காத ஏழு? உங்க கடையில துணி அளக்கிற மாதிரியில்லையே இது! ஆணையிட்டீங்கதானே? நான் கேட்டுக்கிட்டுத்தானே நின்டேன். மாத்தேலாது" என்று சொல்லிவிட்டு லெப்பை குடையை விரித்தார்.

வாசல் படியில் ஸுலைஹா பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பரீட்சை முடிந்து, நல்ல பெறுபேறும் வந்து, இனி வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று வாப்பா சொல்லிவிட்ட பிறகும் அவள் அந்தப் புத்தகத்தை விடவில்லை. ஒரு பக்கத்தைப் பார்ப்பாள், எழுந்துபோய் உதிர்ந்த பூவைப் பிய்த்துப் பார்ப்பாள், மறுபடி வந்து உட்காருவாள்.

"வாப்பா, ஒரு விஷயம் சொல்லட்டுமா? இந்த மரம்..."

"மரத்தைப் பத்தி உனக்கு எனத்த தெரியும்? போய் உம்மாவுக்கு முற்றம் கழுவு" என்றார் ஸெய்னுலாப்தீன்.

அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

கடைசி யோசனை அழகம்மாவிடமிருந்து வந்தது. அவள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து, தீபாவளிக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், காரணம் தெரிந்ததும் சிரித்துவிட்டாள்.

"இதுக்குப் போயி கவலப்படுறீங்களே! எங்க தோட்டத்து லயத்துல காய்க்காத மரத்த கோடாலிய காட்டி மெரட்டுவோம். ஓங்கிக்கிட்டு, ‘காய்ப்பியா, வெட்டவா’ன்னு கேக்கணும். அப்ப மரத்துக்குச் சொந்தக்காரங்க குறுக்க வந்து, ‘வெட்டாதீங்க, அடுத்த வருஷம் காய்க்கும்’னு பரிஞ்சு பேசணும். மரத்துக்குப் பயம் வந்துரும். நிச்சயம் காய்க்கும்."

ஸெய்னுலாப்தீனுக்கு இது பிடித்துப்போயிற்று. செலவில்லாத வைத்தியம். மரம் இத்ரூஸுடையது, ஆகவே பரிந்து பேச வேண்டியவன் இத்ரூஸ்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் மகனை நிறுத்திப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"நான் கோடாலிய ஓங்கினதும் நீ எனத்த சொல்லுவ?"

"வெட்டாதீங்க வாப்பா, அடுத்த வருஷம் காய்க்கும்."

"சத்தமா சொல்லு. மரத்துக்குக் கேக்க வேணும்."

"வெட்டாதீங்க வாப்பா!"

"நல்லது. என்ட ராசா."

பன்றி பிய்த்த வேலியில் ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஸெய்னுலாப்தீன் சாரத்தை மடித்துக் கட்டி, முதல் மரத்தின் முன்னால் போய் நின்று கோடாலியை ஓங்கினார்.

"காய்ப்பியா, வெட்டவா?"

மரம் பேசவில்லை. இத்ரூஸும் பேசவில்லை.

ஸெய்னுலாப்தீன் ஓரக்கண்ணால் மகனைப் பார்த்தார். அவன் இரண்டு கன்னமும் உப்பி, தாடையை அசைக்க முடியாமல், முழி பிதுங்கி நின்றான்.

"காய்ப்பியா... வெட்டவா?" என்று இன்னும் பலமாகக் கேட்டார்.

"ம்ம்ம்..." என்றான் இத்ரூஸ்.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "முதலாளி, கோடாலி பாரமா இருந்தா இங்க தாங்க!"

ஊர் சிரித்தது. மரத்தை வெருட்ட வந்த மனுஷன், மரம் பார்த்துக்கொண்டிருக்க, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, ஓங்கிய கோடாலியை எப்படித் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவது? ஸெய்னுலாப்தீன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு போடு போட்டார். பயில்வான் சாய்ந்தான்.

ஒன்று விழுந்த பிறகு ரோஷம் வந்துவிட்டது. எட்டு வருஷத்துக் கோபம் கைக்கு இறங்கியது. "எனக்கு வேணும்! வட்டி வேணாம், சீட்டு வேணாமுன்டு மரத்த நம்பினேனே, எனக்கு வேணும்!" என்று புலம்பிக்கொண்டே வெட்டினார். றம்லா கத்தியது காதில் ஏறவில்லை. ஆறு மரம் விழுந்தது.

ஏழாவதற்கு ஓங்கியபோது ஸுலைஹா ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வெட்டாதீங்க வாப்பா! இது ஒண்டையாச்சும் விடுங்க. தம்பிட மரம் வாப்பா!"

ஸெய்னுலாப்தீன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். மரத்துக்காக மட்டும் அழவில்லை. நோஞ்சான் மூன்றைக் கொடுத்து ஒதுக்கிய மகள், தம்பியின் மரத்துக்காக இப்படி உருகுகிறாளே என்று நினைக்க, அவருக்குத் தாங்கவில்லை.

பன்றி முறைப்பாட்டை விசாரிக்க, மாத்தளை விவசாயக் கந்தோரிலிருந்து செல்வரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் மறுநாள் வந்து சேர்ந்தார். விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்தார், பூவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நல்ல வேலை செய்திருக்கிறியள் முதலாளி."

"பகிடி பண்ணாதீங்க ஐயா."

"பகிடி இல்லை. உது எல்லாம் ஆண் மரம். சாதிக்காயிலை ஆண் வேறை, பெண் வேறை. ஆண் மரம் பூக்கும், ஒருநாளும் காய்க்காது. நீங்கள் நூறு வருஷம் நிண்டு வெருட்டினாலும் காய்க்காது."

ஸெய்னுலாப்தீன் விழுந்து கிடந்த ஆறையும் நின்ற ஒன்றையும் விரல் விட்டு எண்ணினார். பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஏழும்!

"ஆனா இந்த ஒண்டை விட்டியள் பாருங்கோ, அதுதான் கெட்டித்தனம்" என்று செல்வரத்தினம் ஏழாவது மரத்தைத் தட்டினார். "பக்கத்திலை ஒரு ஆண் மரமாவது நிக்கவேணும். இதையும் வெட்டியிருந்தால் அந்த மூண்டும் இனிக் காய்க்காது. ஆர் சொன்னது இதை விடச் சொல்லி?"

"என்ட மகள். தம்பி மேல உசிரு அவளுக்கு" என்றார் ஸெய்னுலாப்தீன்.

அப்புறம் பேச என்ன இருக்கிறது? காய்க்கிற மரம் மூன்றும் ஆணையிட்டுக் கொடுத்த ஸுலைஹாவின் மரம். "மரம் அவட, காய் அவட. கண்டிப் படிப்பும் அவட" என்று றம்லா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள். லெப்பையும், முற்றம் கழுவியாகிவிட்டதால், உள்ளே வந்து உட்கார்ந்து தலையை ஆட்டினார். ஸெய்னுலாப்தீன் ஒரு ராத்திரி புரண்டு படுத்துவிட்டுச் சரி என்றார். இத்ரூஸுக்கோ பெருநாள் வந்த சந்தோஷம். அவனுக்குக் கடையில் முழக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

ஜனவரியில் ஸுலைஹா ட்ரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். பஸ் வளைவில் மறையும் வரைக்கும் ஸெய்னுலாப்தீன் கையைத் தூக்கியபடியே நின்றார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். ஆனாலும் டேய், அண்டைக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல்லையே. வாயில எனத்தடா வெச்சிருந்த?"

"தொதல் வாப்பா."

"அந்த நேரம் பாத்துப் பல்லுல ஒட்டுற அந்த இனிப்பைத் தின்ன எவன்டா சொன்னது?"

"ராத்தாதான் தந்தா. ‘ஆறு மரம் விழுற வரைக்கும் முழுங்காத, ஏழாவதை நான் பாத்துக்கிறேன்’ன்டு சொன்னா."