நாலு வரிசை மக்காச்சோளம்

"புல்லை மட்டுந்தான் கொல்லும்னு சொன்னீங்களே?"

"புல்லைத்தாம்மா கொன்னிருக்கு. உன் உளுந்தைத் தொட்டுச்சா?" என்றார் உரக்கடைக்காரர். "மக்காச்சோளமும் புல்லு வகைதானே."

கேட்க வந்த சின்ன மருமகள் கடைப்படியை விட்டு இறங்கினாள். அவள் உளுந்துக்கு அடித்த களைக்கொல்லி காற்றோடு போய், பக்கத்தில் ஓரகத்தி, அவள் அக்கா என்று கூப்பிடும் மூத்த மருமகள், நட்டிருந்த மக்காச்சோளத்தில் ஓரத்து நாலு வரிசையை மஞ்சளாகப் பழுக்க வைத்துவிட்டது. பாகம் பிரித்தபின் முதல் சாகுபடி. நடுவில் வரப்புகூட இன்னும் போடவில்லை. குரல் உயராமல் பிரிந்த குடும்பம் என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரும் அக்காவின் பிரியமும் இந்த நாலு வரிசையில் போய்விடுமோ?

யாரும் பார்க்காத நேரமாகப் போய் யூரியா கரைத்து ஊற்றினாள். கை கொஞ்சம் தாராளம். குற்றுயிராக நின்ற பயிரும் கருகிப்போனது. கருகியதைப் பிடுங்கினால் கண்ணில் படாது என்று பிடுங்கினாள். பொக்கை வாய் போல இடம் பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்க, மிச்சமிருந்த உளுந்தைத் தூவினாள். ஒரு மழைக்கு அது தளதளவென்று எழுந்து நின்றபோதுதான் உறைத்தது: அக்காவின் பயிரைக் கொன்றதும் அல்லாமல், நிலத்தையும் வளைத்துப் போட்டாயிற்று.

மறுநாள் காலை ஓரகத்தி ஒரு செம்பு பாலோடு வந்தாள். அதற்கும் மறுநாள் வந்தாள். குழந்தையின் கிழிந்த சட்டையை, கேட்காமலே வாங்கிப்போய்த் தைத்துக் கொடுத்தாள். வயலைப் பற்றி மூச்சுவிடவில்லை. திட்டியிருந்தால் சின்னவள் தாங்கியிருப்பாள். இத்தனையும் தெரிந்து, ஒன்றும் கேட்காத ஒருத்தி தனக்கு அக்காவாக வாய்த்தாளே என்று நினைக்க நினைக்க, அந்தப் பாலைத் தான் குடிக்காமல் குழந்தைக்கே ஊற்றிக் கொடுத்தாள். நன்றி இவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் காலிச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனாள்.

"அக்கா, அந்த நாலு வரிசை..."

ஓரகத்தி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைப் பத்திப் பேசாத, சின்னவளே. உன் முகத்தைப் பாக்கவே எனக்குக் கூசுது."

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திண்டாடி நின்றவளைப் பார்த்து, சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த ஓரகத்தியின் கணவர் தலையைச் சொறிந்தார்.

"நட்டு முடிச்சு அளந்து பாத்தப்புறந்தாம்மா தெரிஞ்சுது, அந்த நாலு வரிசையும் உன் பாகத்துக்குள்ள இருக்குன்னு. எப்படிச் சொல்றதுன்னு நாங்க முழிச்சிக்கிட்டிருந்தப்ப, நீயே ஒரு வார்த்தை கேக்காம, சத்தமில்லாம எடுத்துட்டு உளுந்து போட்டுக்கிட்ட பாரு, அந்தப் பெரிய மனசுக்குத்தான் தினமும் பால்."