சொல்தாவின் நுவோ

பாகூருக்கும் வில்லியனூருக்கும் இடையில் கம்ப்யூட்டரை அட்டென்ஷனில் நிற்க வைக்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் சொல்தா. மற்றவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். சொல்தா நிற்பார். வேலை பார்க்கலாமா என்று கம்ப்யூட்டர்தான் அவரிடம் உத்தரவு கேட்கும்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். இவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடு இருப்பதை பிரான்சுக்கு நிரூபித்துவிட்டு, அந்த வெற்றிக் களிப்பிலேயே ஒரு வாரம் நடமாடுவார். ராணுவத்தில் அவருக்குக் கிடங்கு வேலை. போர் என்று அவர் கிட்டத்தில் பார்த்தது போர்வையை மட்டும்தான். ஆனாலும் பூரணாங்குப்பத்திலிருந்து மொபெட்டில், வெள்ளை சாக்ஸும் செருப்பும் சாய்த்து வைத்த தொப்பியுமாக வந்து இறங்கினால், என் கடை வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். அவரை நான் முசியே என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணே என்றால் திரும்ப மாட்டார்.

கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பதும், மண்டபத்து டிவியில் அதை நேரடியாகக் காட்டுவதும் என் தொழில். என் கம்ப்யூட்டர் தினம் ஒரு தரம் மயக்கம் போட்ட காலத்தில், சொல்தா தானாகவே வந்து அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். மயக்கம் தெளிந்தது. ஆனால் தனக்குப் பழகிய மொழியில் போட்டுவிட்டதால் அன்றிலிருந்து அது பிரெஞ்சு பேசுகிறது. சேமிக்கவா அழிக்கவா என்று அது கேட்கும்போதெல்லாம் நான் குத்துமதிப்பாகத்தான் பதில் சொல்வேன். இடப்பக்கப் பட்டனை நம்பி ஒரு காதுகுத்தைத் தொலைத்தேன். அப்புறம் வலப்பக்கம் பழகிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு திரை. ஒன்று நான் பார்க்க, மற்றது ஊர் பார்க்க. கடைக்கு வந்தால் சொல்தா முதலில் அப்பெல் எடுப்பார். பட்டாளத்தில் ஆஜர் எடுப்பதற்கு அப்படிப் பெயர். ஏதோ ஒரு வரியைத் தட்டுவார், எந்தெந்தத் திரை இணைந்திருக்கிறது என்று வரும். "மொத ஸ்கிரீன்?" என்று அதட்டிவிட்டு, "பிரெசான்" என்று மெல்லிய குரலில் திரைக்காக அவரே ஆஜர் சொல்லிக்கொள்வார். "ரெண்டாவது ஸ்கிரீன்?" "பிரெசான்." கடைசியில் என் முறை. சில நாள் டீ குடித்துக்கொண்டே நான் பிரெசான் சொல்லி அடி வாங்காமல் தப்பியிருக்கிறேன்.

திரைக்குப் படம் அனுப்புகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸோடு கூடவே வந்த டிரைவருக்குப் பெயர் நுவோ. பிரெஞ்சில் புதுசு என்று அர்த்தமாம். பெயரைப் பார்த்த நிமிஷமே சொல்தா அதைத் தன் படையில் சேர்த்துக்கொண்டார். "நம்மாளுடா அவன். எத வேணா நோண்டு, அவன மட்டும் தொடாத."

தொட்டேன். கிராஃபிக்ஸ் கார்டு செய்த கம்பெனியின் சொந்த டிரைவரைப் போட்டால் வீடியோ பறக்கும் என்று இணையத்தில் எவரோ சொன்னதைக் கேட்டு, பாகூர்க் கல்யாணம் ஒன்றுக்கு முந்தின நாள் நுவோவை நீக்கிவிட்டு அதை ஏற்றினேன். வீடியோ பறந்தது. கூடவே நானும் பறந்ததில், இரண்டாவது திரையைச் செருகிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

அந்த மண்டபத்தில் மேடை மாடியில், பந்தி கீழே. லிஃப்ட் கிடையாது. பெண்ணை வளர்த்தது அவளுடைய பெரியப்பா. கல்யாண வேலையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. ஆள் நல்ல கனம். நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்று பையன்கள் வந்தபோது விரட்டிவிட்டார். "நாலு பேரு தூக்கறது ஒரே ஒரு தடவதான்டா. அத எம்பொண்ணு கல்யாணத்துலயா வெச்சிக்குவேன்?"

ஆகவே கீழே பந்தியில், பெரிய டிவிக்கு எதிரே, பட்டுச்சட்டையோடு அவரை உட்கார வைத்திருந்தார்கள். முதல் நாளே கல்யாணப் பெண் என்னிடம் சொல்லியிருந்தாள். "அண்ணே, பெரியப்பா பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன். அவருக்குக் கண்ணுல புரை. போன்ல காட்டினா ஐயர நான்னு நெனச்சி ஆசீர்வாதம் பண்ணிடுவாரு. டிவிலதான் காட்டணும்."

காலையில் மேடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்து, கீழே இருந்த டிவியின் கேபிளை அதில் செருகினேன். சிக்னல் இல்லை என்று கீழேயிருந்து கத்தினார்கள். பிடுங்கிச் செருகினேன். ஊதிச் செருகினேன். என் திரையின் கேபிளை எடுத்து டிவிக்குக் கொடுக்கலாம் என்றால் இரண்டு ஓட்டையும் வேறு வேறு வடிவம். பிரெஞ்சு மெனுவில் வலப்பக்கப் பட்டன்களாகப் பார்த்து அமுக்கிக்கொண்டே போனேன். என் திரையும் கறுத்து, அதில் வெள்ளை எழுத்தாக பிரெஞ்சு கொட்டியது. அதுவரை ஒரு கண்தான் போயிருந்தது. வேர்வையில் என் சட்டை மாப்பிள்ளையின் மாலையை விட அதிகமாகச் சொட்டியது. அந்தப் பக்கம் ஐயர், தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குக் கொண்டு போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்தா கீழே, முகூர்த்தத்துக்கு முன்பே போட்டுவிட்ட முதல் பந்தியில், பெரியப்பாவுக்குப் பக்கத்து இலையில் இருந்தார். இலைக்கு முன் உட்கார்ந்தால் போனை அணைத்துவிடுவது அவருடைய ராணுவ ஒழுங்கு. நான் மாடிப்படி உச்சியில் நின்று, டிரைவரை மாற்றிவிட்டேன், டிவி வரவில்லை என்று சொல்தாவிடம் சொல்லும்படி கத்தினேன். படி நிறைய சொந்தக்காரர்கள். செய்தி வாய்க்கு வாய் இறங்கி, டிரைவர் மாறிவிட்டதால் மாப்பிள்ளை கார் வரவில்லை என்று போய்ச் சேர்ந்தது. அதிலிருந்தும் சொல்தா விஷயத்தைப் பிடித்துவிட்டார் என்பதுதான் அவருடைய மேதைமை. வடையைக் கீழே வைத்தாராம். "நுவோவ எடுத்துட்டானா? நுவோ திரும்ப வரணும்னு சொல்லு. அது வராம இங்க ஒண்ணும் நடக்காது."

இது மேலே ஏறியது. முதல் படியில் நுவோவாக இருந்தது, நடுப்படியில் நோவாகிவிட்டது. உச்சிக்கு வந்தபோது, பெரியப்பாவுக்கு நோவு திரும்ப வந்துவிட்டது என்றார்கள். கடைசிப் படியில் நின்ற ஓர் அம்மாள், மாரில் கை வைத்துக்கொண்டாராம் என்று தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டார்.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. பெண் மணையிலிருந்து எழுந்து, மாலையைப் பிடித்துக்கொண்டு படியில் ஓடினாள். பின்னால் மாப்பிள்ளை, பின்னால் தாலித் தட்டோடு அவன் அக்கா, பின்னால் ஐயர், மேளம், ஊர். நான் கேபிளும் கையுமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அத்தனை கூட்டத்தையும் எதிர்த்து ஒரே ஒருவர் மேலே ஏறி வந்தார். ரசம் சொட்டும் வலது கை தலைக்கு மேலே.

"முசியே, கல்யாணமே கீழ போயிட்டுது."

"அது போவட்டும். எச்சக் கையால கீபோர்ட தொட மாட்டேன், நவுரு."

இடது கையின் ஒற்றை விரலால் தட்டினார். திரையை பிரெஞ்சிலும் என்னைத் தமிழிலும் திட்டினார். கம்பெனி டிரைவரை வெளியேற்றி, நுவோவை உள்ளே அழைத்து, கம்ப்யூட்டரைத் தூங்க வைத்து எழுப்பினார். "நீ கீழ போயி டிவி முன்னால நில்லு. நான் மேடைக்குப் போறேன்."

கீழே பெரியப்பா ஜாங்கிரியைக் கடித்தபடி விழித்துக்கொண்டிருந்தார். பெண் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இன்னாமா, தாலி ஏறிடுச்சா? டிவில ஒண்ணும் வர்லயே."

"உனுக்கு நோவுன்னாங்களே பெரிப்பா."

"நோவா? பாயசம் வர்லன்னுதாம்மா நோவு."

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது, மேலே ஏறினால் கிடைக்காது என்று இங்கேயே கட்டச் சொன்னார். இரண்டு இலையை மடித்து இடம் பண்ணினார்கள். சாம்பார் வாளிக்கும் மாவுக்கட்டுக்கும் நடுவில் மாப்பிள்ளை தாலி கட்டினான். மேளம் பந்தியே அதிர முழங்கியது. பெரியப்பா தாலியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்து, சரியான ஆளின் தலையில் அட்சதை போட்டார்.

அந்த நேரம் பார்த்து டிவி உயிர் பெற்றது.

காலி மேடை. ஹோமப் புகை. நடுவில் சொல்தா, மோவாயைத் தூக்கி, இடது கையைத் தொப்பியில் வைத்து, ரசக் கையை உயர்த்தி நின்றார். மேடை மைக் வழியாகக் குரல் வந்தது.

"ரெண்டாவது ஸ்கிரீன்?"

"யாருபா அது, மாப்ளயோட தாத்தாவா?" என்றார் பெரியப்பா. மறுபடியும் கேட்டது.

"ரெண்டாவது ஸ்கிரீன்?"

"பிரெசான், முசியே," என்றேன். மாடிக்கு அது எட்டியிருக்காது.

சிறிது நேரத்தில் சொல்தா வெற்றி வீரராக இறங்கி வந்து, பெரியப்பாவின் எதிரே நின்றார். "தாலி கட்டுனது தெரிஞ்சிச்சா? நம்ம நுவோ காட்டுனானா?"

பெரியப்பா பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கிட்ட நின்னு பாத்த மாதிரியே இருந்திச்சி, முசியே."

சொல்தாவின் இலையை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். புது இலை போட்டு, உப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

அந்தக் காலி மேடைப் படத்தை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன், இரண்டு திரையிலும். நம் கல்யாணப் படம் வைத்தால் ஆகாதா என்று என் மனைவி கேட்கிறாள். காலையில் பட்டனை அமுக்கியதும் முதலில் இடப்பக்கம் ஒரு சொல்தா வருவார். கொஞ்சம் யோசித்து, வலப்பக்கமும் ஒருவர் வருவார். இரண்டு பேரும் வந்து நின்ற பிறகுதான் நான் உட்காருகிறேன்.